ஆட்டுத்தலையில் லிஸ்ட்ரோசாரஸ் பார்ப்பது எப்படி

திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் டைனோசர் பொட்டலம் வாங்கினால், முதுகில் பாய் விரித்த மாதிரி ஒரு மிருகம் அதில் பெரும்பாலும் கிடக்கும். பெயர் டைமெட்ரோடான். அது டைனோசர் இல்லை. முதல் டைனோசர் தலைகாட்டுவதற்குச் சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது மண்ணோடு மண்ணாகிவிட்டது. உறவுமுறை பார்த்தால் பல்லியையும் முதலையையும்விட ஆட்டுக்கும் கடல்பசுவுக்கும் நமக்கும்தான் அது நெருக்கம். பொட்டலம் கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்வது எளிது. தேவையான சாமான் எல்லாம் இங்கேயே கிடைக்கிறது: கறிக்கடை ஆட்டுத்தலை, நாட்டுக்கோழி அலகு, ஒரு காலி நண்டு வளை.

பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் மிருகம் டைமெட்ரோடானின் தூரத்துப் பங்காளியான லிஸ்ட்ரோசாரஸ். இது நம் நாட்டு மண்ணிலும் கிடைத்திருக்கிறது. பன்றி பருமன், பீப்பாய் உடம்பு, குட்டைக் கால்கள், கீழ்நோக்கி மடங்கிய மூஞ்சி, ஆமை அலகு போன்ற வாய், மேல்தாடையில் இரண்டே இரண்டு தந்தம். சிறிய இனங்கள் ஒரு மீட்டருக்குள் அடங்கும், பெரியவை இரண்டு மீட்டரையும் தாண்டும். அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் கோப் 1870ல் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'லிஸ்ட்ரான்' என்றால் மண்வெட்டி, 'சாரஸ்' என்றால் பல்லி. நம் ஊர்ப் பேச்சில் மம்பட்டிப் பல்லி. மம்பட்டி சரி, பல்லிதான் தப்பு. ஏன் தப்பு என்பதை ஆட்டுத்தலை சொல்லும்.

தலையைத் தயார் செய்வது

கறிக்கடையில் தலையைத் தீயில் வாட்டி, துண்டு போட்டுத்தான் கொடுப்பார்கள். வாட்டாமல், வெட்டாமல், தோலை மட்டும் உரித்து முழுசாக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். தீயில் கருகிய எலும்பு பொறுபொறுத்து உதிரும். முழுப் பல்வரிசை பார்க்க வேண்டுமென்றால் எட்டுப் பல் போட்ட ஆடு கேளுங்கள். எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல் கோடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் இளங்குட்டிதான் நல்லது, வயதான ஆட்டில் அந்தக் கோடுகள் பல இடங்களில் மூடிப்போயிருக்கும்.

கண், நாக்கு, எடுக்க முடிந்த தசை எல்லாவற்றையும் கத்தியால் எடுத்துவிட்டு, தலை மூழ்குமளவு தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் மூக்குக்குள் சுருண்டிருக்கும் மெல்லிய எலும்புச் சுருள்கள் நொறுங்கும், பல் கழன்று விழும், கொழுப்பு எலும்புக்குள் ஊறிப் பிறகு மஞ்சள் பூக்கும். பிரஷர் குக்கர் அறவே வேண்டாம். மூளையை மண்டையின் பின்பக்க ஓட்டை வழியாக வளைத்த கம்பியால் கிளறித் தண்ணீர் பாய்ச்சினால் வந்துவிடும். வேகவைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் துணியில் வடிகட்டுங்கள். கழன்ற பல்லும், அதைவிட முக்கியமாகக் காது எலும்புகளும் அதில் கிடக்கலாம்.

பிறகு சலவைப் பவுடர் கரைத்த தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவைத்து, தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். கொழுப்பு வெளியேறுவது இந்தக் கட்டத்தில்தான். பொறுமையில்லாதவர்கள் இதைத் தாண்டிப் போய்த்தான் ஆறு மாதம் கழித்து நாற்றமடிக்கிறது என்பார்கள். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். அதில் ஒரு நாள் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் வெளுப்பதோடு நிற்காது, எலும்பை அரித்துக்கொண்டே போய்ச் சில மாதத்தில் சாக்பீஸ் ஆக்கிவிடும். நிழலில் காய வையுங்கள். பங்குனி வெயிலில் வைத்தால் பல் இரண்டாகப் பிளக்கும்.

கடற்கரை மணலில் புதைத்து எடுப்பதும் உண்டு. அதில் இரண்டு தொல்லை. ஒன்று நாய். இன்னொன்று உப்பு: எலும்புக்குள் ஏறிய உப்பு காயும்போது படிகமாகி மேல்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். புதைத்தே ஆகவேண்டுமென்றால் எடுத்த பிறகு ஒரு வாரம் நல்ல தண்ணீரில் போட்டுத் தினம் மாற்றுங்கள்.

பொட்டில் ஓர் ஓட்டை

சுத்தமான மண்டையோட்டைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கண்குழி முழு வட்டமாக இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் எலும்புக் கம்பம், கம்பத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம், பள்ளத்துக்கு வெளியே கன்ன எலும்பு பாலம் போல ஓடும். அந்தப் பள்ளம்தான் நாம் தேடுவது. உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைக்கிறதே ஒரு தசை, அது குடியிருக்கும் இடம். ஆட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாய், பன்றியில் கண்ணுக்குப் பின்னாலுள்ள கம்பம் முழுமையாக இல்லை, கண்குழியும் பள்ளமும் ஒன்றாகக் கலந்து ஆரம்பக்காரர்களைக் குழப்பும்.

கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஓட்டை என்றால் அந்தக் கூட்டத்துக்கு சினாப்சிட் என்று பெயர். லிஸ்ட்ரோசாரஸ், டைமெட்ரோடான், ஆடு, நாம், எல்லாரும் இந்த வீட்டுப் பிள்ளைகள். முதலைக்கும் டைனோசருக்கும் பக்கத்துக்கு இரண்டு ஓட்டை. ஆமைக்கு ஒன்றுமே கிடையாது. லிஸ்ட்ரோசாரஸ் வாய் என்னதான் ஆமை அலகை அச்சாக உரித்து வைத்த மாதிரி இருந்தாலும், பொட்டைப் பார்த்தவுடன் இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று தெரிந்துவிடும். பழைய பாடநூல்களில் 'பாலூட்டி போன்ற ஊர்வன' என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரை ஆராய்ச்சியாளர்கள் இப்போது கைவிட்டுவிட்டார்கள். ஊர்வன கிளை தனி, சினாப்சிட் கிளை தனி. ஒன்றிலிருந்து இன்னொன்று வரவில்லை.

அதற்காக லிஸ்ட்ரோசாரஸை நம் பாட்டன் என்று சொல்லிவிடக்கூடாது. அதன் வகையறாவுக்கு டைசினோடான்ட் என்று பெயர். அவை நேர்க்கோட்டில் இல்லை, பங்காளி வீடு. நம் கோடு சைனோடான்ட் என்ற இன்னொரு வீட்டு வழியாக வருகிறது. லிஸ்ட்ரோசாரஸ் காலத்திலேயே தென்னாப்பிரிக்காவில் திரினாக்சடான் என்று அரை மீட்டர் நீளத்தில் ஒன்று வளைக்குள் வாழ்ந்தது. வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று தனித்தனியாகப் பல் வைத்திருந்தது அதுதான்.

வாய்

ஆட்டின் மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே எட்டு முன்பல், மேலே கெட்டியான ஈறு மெத்தை. புல்லைப் பிடித்து இழுத்து அறுக்க அது போதும். லிஸ்ட்ரோசாரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தந்தங்கள் தவிர எல்லாப் பல்லையும் விட்டுவிட்டது. அந்த இடத்தில் கொம்புப் பொருளாலான அலகு. அலகு சாதாரணமாகப் புதைபடிவம் ஆகாது, மட்கிவிடும். பிறகு இருந்தது என்று எப்படித் தெரியும்? நாட்டுக்கோழித் தலை ஒன்றை வேகவைத்து அலகை இழுங்கள், உறை போலக் கழன்று வரும். உள்ளே இருக்கும் எலும்பு நுனியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னக் குழிகளும் ரத்தநாளம் ஓடிய பள்ளங்களும் தெரியும். லிஸ்ட்ரோசாரஸ் தாடை நுனியிலும் அதே சொரசொரப்பு. மீன் கடையில் கிளிமீன் கிடைத்தால் அதையும் வேகவைத்துப் பாருங்கள். அதன் அலகு கழலாது. அது கொம்பு இல்லை, பல் பல்லாக ஒட்டி உருவானது. அலகு மாதிரி இருப்பதெல்லாம் அலகு அல்ல.

மெல்லும் விதமும் வேறு. ஆடு கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அரைக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான், ஏனென்றால் கீழ்வரிசை மேல்வரிசையைவிடக் குறுகல். உங்கள் கையிலிருக்கும் தாடையை மேலே பொருத்திப் பார்த்தால் தெரியும். டைசினோடான்ட் தாடை மூட்டு நீளவாட்டில் வழுக்கும். வாயை மூடும்போதே கீழ்த்தாடையைப் பின்னுக்கு இழுத்து அறுக்கும், கதிர் அறுக்கிறவர் பன்னரிவாளைத் தன் பக்கம் இழுப்பது போல.

தாடையிலிருந்து காதுக்கு

இதுதான் மொத்த விஷயத்திலும் எங்களுக்குப் பிடித்த இடம். ஆட்டின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரே எலும்பு. லிஸ்ட்ரோசாரஸில் பல எலும்புகள் ஒட்டுப்போட்டது போலச் சேர்ந்திருக்கும். அதில் கடைசி எலும்பான ஆர்ட்டிகுலர், மண்டையோட்டின் குவாட்ரேட் எலும்போடு சேருமிடம்தான் தாடை மூட்டு. பல்லிக்கும் முதலைக்கும் இன்றும் அப்படித்தான். பாலூட்டிகளில் அந்த இரண்டு எலும்பும் எங்கே போயின?

மண்டையோட்டைக் காதுத் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டுங்கள். அதிர்ஷ்டமிருந்தால் அரிசி மணி அளவில் ஒன்றிரண்டு எலும்பு விழும். விழாவிட்டால் காதுக் குமிழை, அதாவது காதுத் துளைக்கு அடியில் உருண்டு நிற்கும் எலும்பை, இடுக்கியால் பக்குவமாக உடைத்துத் தேடலாம். சுத்தி போன்ற ஒன்று சுத்தியெலும்பு, அதன் கூட்டாளி பட்டடையெலும்பு. சுத்தியெலும்புதான் பழைய ஆர்ட்டிகுலர், பட்டடைதான் பழைய குவாட்ரேட். ஒரு காலத்தில் கடித்தவை இப்போது கேட்கின்றன. கதை கட்டுகிறோம் என்று நினைக்காதீர்கள். 1837லேயே ஜெர்மன் உடற்கூற்றியலாளர் கார்ல் ரைச்சர்ட் பன்றிக் கருக்களில் இந்த எலும்புகள் தாடைக் குருத்தெலும்பிலிருந்து உருவாவதைக் கண்டு எழுதிவிட்டார். இடைக்கட்டத்தைக் காட்டும் புதைபடிவமும் உண்டு: பாலூட்டிக் கோட்டின் தொடக்கத்தில் நிற்கும் மார்கனுகோடான் என்ற சிறு மிருகத்தில் பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தன.

ஆவுளியா மாதிரி, ஆனால் ஆவுளியா இல்லை

லிஸ்ட்ரோசாரஸ் படத்தைக் காட்டினால் இந்தக் கரையில் பலருக்கும் கடல்பசு, அதாவது ஆவுளியா, ஞாபகம் வரும். கீழே மடங்கிய மூஞ்சி, வாய் முன்பக்கம் கொம்புத் தகடு, இரண்டு தந்தம், எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் ஆவுளியாவின் தந்தம் வெட்டுப்பல், யானைக்கும் அப்படியே. லிஸ்ட்ரோசாரஸ் தந்தம் கோரைப்பல் இடத்தில் முளைத்தது. முளைத்த இடம் வேறானால் கொடிவழி வேறு. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே மாதிரிக் கருவி இரண்டு முறை உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

முன்பு அறிஞர்களும் இதே மயக்கத்தில் இருந்தார்கள். மூக்குத் துவாரம் மேலே தள்ளி இருக்கிறது, எனவே நீர்யானை மாதிரித் தண்ணீரில் கிடந்திருக்கும் என்று எழுதினார்கள். விவாதம் முழுதாக முடிந்துவிடவில்லை. ஆனால் அகன்ற முன்கைகளும், வளைக்குள்ளேயே கிடைத்த எலும்புக்கூடுகளும் தோண்டும் மிருகம் என்ற பக்கம்தான் தராசைச் சாய்க்கின்றன.

தந்தம் வாழ்நாள் முழுக்க வளர்ந்ததால் குறுக்கே அறுத்தால் மரத்தில் போல வளையங்கள் தெரியும். 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அன்டார்க்டிகா தந்தங்களையும் தென்னாப்பிரிக்கா தந்தங்களையும் அறுத்து ஒப்பிட்டார்கள். துருவப் பக்கத்தில் வாழ்ந்தவற்றில் வளர்ச்சி நின்று நின்று போன தடித்த கோடுகள் இருந்தன. நெடுங்குளிரில் உடலைச் சுருதி குறைத்து முடங்கிக் கிடந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

வளையை வார்த்து எடுப்பது

வளை எப்படிக் கல்லாகும் என்பது பலருக்கும் பிடிபடாது. வெள்ளம் வந்து வேறு நிற மணலால் குழியை நிரப்பிவிட்டுப் போகும், பிறகு இரண்டும் இறுகும், நிரப்பு தனியாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் சிவப்புக் களிக்கல்லுக்குள் இப்படித்தான் வளை வார்ப்புகள் கிடக்கின்றன, பக்கச் சுவரில் நகக் கீறலோடு. வீட்டுப் பக்கமுள்ள மணற்கரையில் இதைச் செய்து பார்க்கலாம். தேசியப் பூங்காத் தீவுகளில் கூடாது. ஆமை முட்டையிடும் மாதங்களில், தை முதல் பங்குனி வரை, தோண்டும் வேலையையே தள்ளிப்போடுங்கள்.

காலையில் அலைக்கோட்டுக்கு மேலே, நண்டு காலிசெய்த வளையாகத் தேடுங்கள். வாயில் புது மணல் உருண்டையும் கால்தடமும் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, விட்டுவிடுங்கள். விரலிரண்டு அகல வளைக்கு ஒரு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 650 மில்லி தண்ணீர். தண்ணீரில்தான் பவுடரைப் போட வேண்டும், பவுடரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். மோர்ப் பதம் வந்ததும் வாயோரமாக மெதுவாக ஊற்றுங்கள், காற்று வெளியே வர வழி விட்டு. கெட்டியாகக் கரைத்தால் முதல் வளைவிலேயே அடைத்துக்கொள்ளும். கடல்தண்ணீர் வேண்டாம், உப்பு சேர்ந்தால் சட்டென்று இறுகிக் கையிலேயே கல்லாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து தோண்டி எடுங்கள். மேலே பிடித்து இழுத்தால் வளைவில் ஒடியும்.

பிழைத்த கணக்கு

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைப் பிளவுகள் நெடுங்காலம் கக்கியதையொட்டி, கடலிலும் நிலத்திலும் உயிர்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. பூமி கண்ட அழிவுகளிலேயே பெரியது அது. லிஸ்ட்ரோசாரஸ் தப்பியது மட்டுமில்லை, பெருகியது. கரூவின் சில அடுக்குகளில் கிடைக்கும் நிலவாழ் முதுகெலும்பிகளில் 95 சதவீதம் வரை இதுவே. எலும்பு வளையங்களை எண்ணியவர்கள் 2016ல் ஒரு காரணம் சொன்னார்கள்: அழிவுக்கு முந்தைய இனங்கள் 13, 14 வயது வரை இருந்தன, பிந்தையவை பெரும்பாலும் இரண்டு மூன்று வயதிலேயே செத்திருக்கின்றன. அப்படியிருந்தும் கூட்டம் பெருகியதென்றால் சீக்கிரமே குட்டித் தலைமுறை கண்டிருக்க வேண்டும்.

இந்த ஒரே மிருகம் தென்னாப்பிரிக்கா, வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதியின் பஞ்செட் அடுக்கு, சீனாவின் சிஞ்சியாங், ரஷ்யா என்று கிடைத்தது. 1969ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வின் கோல்பெர்ட் குழு அன்டார்க்டிகாவின் கோல்சாக் பிளஃப் என்ற பாறைமேட்டிலும் கண்டுபிடித்தது. குட்டைக்கால் மிருகம் பெருங்கடல் நீந்தாது. நிலங்கள் ஒட்டியிருந்தன. இதைச் சொன்னால் இங்கே உடனே தனுஷ்கோடி - தலைமன்னார் மணல்திட்டுகளை உதாரணம் காட்டுவார்கள். அது வேறு கணக்கு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் போல இறங்கியிருந்ததால் அங்கே தரை தெரிந்தது, நிலம் நகரவில்லை. லிஸ்ட்ரோசாரஸ் காலத்துச் சேர்க்கை கண்டங்களே ஒட்டிக்கிடந்த சேர்க்கை. அந்த ஒட்டு கிழிந்ததன் தழும்பு நம் காலடியில் இருக்கிறது. இந்தியா அன்டார்க்டிகாவையும் இலங்கையையும் விட்டு விலகத் தொடங்கியபோது நிலம் பிளந்து இறங்கி, வண்டல் நிரம்பியதே காவிரிப் படுகை. அதன் தென்பகுதிதான் ராமநாதபுரம் - பாக் விரிகுடா உட்படுகை. வழுதூர் மின்நிலையம் எரிக்கும் எரிவாயு அந்தப் பள்ளத்துச் சரக்கு.

கரையில் கிடைப்பது என்ன

லிஸ்ட்ரோசாரஸ் எலும்பு இங்கே கிடைக்காது. மண்டபம், பாம்பன் பகுதி முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், சில ஆயிரம் ஆண்டு வயதுடையது, அதுவும் கடலில் உருவானது. 1985 வரை நம் மாவட்டத்தோடு இருந்த சிவகங்கைப் பக்கத்தில் கோண்டுவானா அடுக்குகள் (தென்கண்டங்கள் ஒட்டிக்கிடந்த பழைய பெருநிலத்தின் பெயரால் அழைக்கப்படும் பாறைகள்) உண்டு, ஆனால் அவை செடிப் படிவங்களுக்குப் பேர்போனவை, பஞ்செட்டைவிடப் பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் இளையவை. நமக்குக் கிட்டத்தில் என்றால் தெலங்கானாவின் கோதாவரிப் படுகைதான். அங்கே டைசினோடான்ட்களான எண்டோதியோடான் மகலனோபிசி, வாடியாசாரஸ், சைனோடான்டான எக்சேரிடோடான் ஸ்டாட்டிஸ்டிக்கே எல்லாம் கிடைத்திருக்கின்றன. கடைசிப் பெயர் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைக் குறிப்பது. புள்ளியியல் நிறுவனத்துக்குப் புதைபடிவத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள், அங்கே நிற்கும் பாரபாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைப் போய்ப் பார்க்கலாம்.

கரையில் 'கல்லாகிப்போன எலும்பு' என்று ஆட்கள் தூக்கிவருவதில் ஏமாற்றும் பொருள் ஒன்றுண்டு, ஆவுளியா விலா எலும்பு. மற்ற விலங்கு விலா போல உள்ளே பஞ்சு பஞ்சாக இருக்காது, முழுக்கக் கெட்டி, கையில் வைத்தால் கல் கனம். கடலடியில் மிதக்காமல் மேய அந்தக் கனம் அதற்கு வேண்டும். கனத்தை மட்டும் வைத்துப் புதைபடிவம் என்று முடிவு கட்டாதீர்கள். முறிந்த முகத்தைப் பாருங்கள்: புது எலும்பு தந்தம் போல வழவழவென்று ஒரே நிறமாக இருக்கும், கல்லானதில் நுண்துளைகளுக்குள் வேறு நிறத் தாது ஏறியிருக்கும். நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோலம் தெரிந்தால் அது எலும்பே இல்லை, பவளம். ஆவுளியா, கடலாமை, பவளம் எல்லாம் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, செத்ததும் சேர்த்துத்தான். வீட்டுக்குக் கொண்டுபோகாமல், பக்கத்தில் ஒரு செருப்பையோ ஸ்கேலையோ வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். ஃபெவிகாலால் ஒட்டுவதோ வார்னிஷ் பூசுவதோ வேண்டவே வேண்டாம். ஆய்வகத்தில் அசிட்டோனில் கரைத்த அக்ரிலிக் பிசின்தான் பயன்படுத்துவார்கள், வேண்டும்போது திரும்பக் கரைத்தெடுக்கலாம் என்பதால். வீட்டு வார்னிஷைக் கரைக்கப் போனால் எலும்பின் மேல்தோலும் கூடவே வரும்.